படுவான்கரையில் ஒரு தோள்பட்டை

மென்மை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இலங்கைக்குப் போவதற்கு முன்னால் அப்படி இல்லை.

மதுரையில் என் வீட்டு மொட்டைமாடியில் பல வருஷமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். மூட்டுவலி மாமிகள், ரிட்டயர்டு வாத்தியார்கள், பிரசவத்துக்குப் பிறகு இடுப்புப் பிடித்துக்கொண்ட பெண்கள், இவர்கள்தான் என் கூட்டம். தலைகீழாக நிற்பதும் காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டுவதும் என்னிடம் கிடையாது. வலிக்காமல், அவசரப்படுத்தாமல், உடம்பிடம் கெஞ்சிக் கேட்டு வாங்குகிற வகை. அதற்கு வெளிநாட்டில் புதிது புதிதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் வழவழப்பான தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் என்னைத் தேடி வந்தது. மட்டக்களப்பில் போரில் அடிபட்ட பெண்களுக்கு மென் யோகா. ஒரு வாரம். தமிழ் தெரிந்த பெண் ஆசிரியை வேண்டும்.

"அவங்களுக்கு இப்ப மன அமைதிதான் தேவை, மேடம்" என்றார் ரமணன். அந்த நிறுவனத்தின் கொழும்பு அலுவலர். போனில் கேட்டபோதே குரல் டை கட்டியிருந்தது.

சண்டை நின்றிருந்த சமயம் அது. சமாதான காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். சமாதானம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாமே என்று நானும் கிளம்பினேன்.

மட்டக்களப்பு டவுனிலிருந்து தெற்கே போனோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ரிப்பன் மாதிரி ஒரு நிலம், அதில் எங்கள் வேன். சூரியன் எழுகிற பக்கத்துக்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் விழுகிற பக்கம், படுவான்கரை. இவ்வளவு அழகாகப் பெயர் வைத்த ஊரை இரண்டாக வெட்டி, இந்தக் கரையில் ராணுவமும் அந்தக் கரையில் போராளிகளின் இயக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். படகுத் துறைக்குப் பக்கத்தில் ராணுவத்தின் மணல் மூட்டைகளும் தகரக் கொட்டகையும் ஒரு நீண்ட வரிசையும் தெரிந்தன. நிறுவனத்தின் கொடி கட்டிய வேன் என்பதால் எங்களை இறங்கக்கூடச் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி ஜம்மென்று போய்விட்டோம். அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

வாவியைக் கடக்க ஒரு தட்டையான மிதவை. ஆட்கள், சைக்கிள், மீன் கூடை, ஒரு கன்றுக்குட்டி, எங்கள் வேன் எல்லாம் அதில் ஏறும். அதற்கு இங்கே 'பாதை' என்று பெயர். நட்டநடு வாவியில் அதன் இன்ஜின் நின்றுவிட்டது. காற்று எங்களைக் கண்டல் மரங்களின் பக்கம் தள்ள ஆரம்பித்தது. ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. மதுரையில் டவுன்பஸ் கொஞ்ச நேரம் நின்றால் போதும், டிரைவரின் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் இழுத்துவிடுவோம். இங்கே பக்கத்தில் இருந்த அம்மாள் நிதானமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யாராவது போய்க் கேளுங்களேன்!" என்று கத்தினேன்.

"ஆருக்கிட்ட கேக்கிற? என்சினுக்குக் காதா இரிக்கு?" என்றார் அவர். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானே இந்தியாவில இருந்து வாற டீச்சர்? எங்கட வீட்டிலதான் நீங்க தங்கப் போறீங்க" என்றார்.

அவர் பொன்னம்மாக்கா. மண்டூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவருடையது. என்னைவிட வயதில் மூத்தவர், வாயில் என்னைவிடப் பெரியவர். அவர் வீட்டில் எருமைத் தயிரைச் சட்டியோடு என் முன்னால் வைத்தார்கள். கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல இருந்தது. மதுரையில் நாங்கள் தயிர் என்று சொல்லிக் குடித்துக்கொண்டிருப்பதை நினைத்து வெட்கமாக இருந்தது. பிட்டும் சம்பலும் வந்தன. சம்பலை அள்ளி அள்ளித் தின்றேன். பிறந்ததிலிருந்து மீன் தொடாதவள் நான். அதில் மாசி இடித்துப் போடுவார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நான் குதித்த குதியில் பொன்னம்மாக்கா சிரித்துச் சிரித்து இருமினார். "அது காஞ்ச கருவாடு டீச்சர். அதுக்கு உசிர் போய் எம்மட்டுக் காலம்!"

வகுப்பு நடந்தது முன்பு நெசவு நிலையமாக இருந்த கட்டடத்தில். பாதிக் கூரை ஓடு, பாதி தகரம். சுவரில் துப்பாக்கி குண்டு பதிந்த ஓட்டைகளுக்கு யாரோ நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்து பாய் கொண்டு வந்திருந்தார்கள். ரமணன் மூலையில் கேமராவோடு நின்றார்.

எங்கேயும் தொடங்குவது போலத்தான் தொடங்கினேன். "மூச்சை இழுத்துக்கிட்டே ரெண்டு கையையும் மெதுவா மேலே தூக்குங்க."

மதுரையில் இதைச் சொன்னால் ஒருத்தி இப்போது தூக்குவாள், ஒருத்தி அப்புறம் தூக்குவாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுக் கதையை முடித்துவிட்டுத் தூக்குவாள். இங்கே நான் வாயை மூடவில்லை, அத்தனை கைகளும் ஒரே வீச்சில் மேலே போய்விட்டன. உள்ளங்கைகள் முன்பக்கம் விரிந்திருந்தன. ஒருவரும் மூச்சை இழுக்கவில்லை. இருந்த மூச்சையும் அடக்கிக்கொண்டு, கண் கொட்டாமல் நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண்ணின் வலது கையில் அடையாள அட்டை இருந்தது. சட்டைக்குள்ளிருந்து அதை எப்போது எடுத்தாள் என்று நான் கவனிக்கவே இல்லை.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு துறையில் பார்த்த வரிசை ஞாபகம் வந்தது. அது கையைத் தூக்கிச் சோதனைக்கு நிற்கிற வரிசை.

அந்த நேரம் பார்த்து ரமணன் கேமராவை அழுத்தினார். பளிச்சென்று வெளிச்சம்.

"இன்னொரு தடவை அமுக்குனீங்க, அந்தக் கேமராவைத் தூக்கி வாவியில போட்டுருவேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பெண்களின் கைகள் இன்னும் விறைத்துக்கொண்டன. அடக் கடவுளே, என்னைப் பார்த்தும் பயப்படுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். "இறக்குங்கம்மா, இறக்குங்க" என்று கெஞ்சினேன். அட்டைக்காரப் பெண்ணுக்கு அப்போதுதான் தன் கையில் இருப்பது தெரிந்தது. "பழக்கத்தில எடுத்துட்டன் டீச்சர்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய வலது கை இன்னும் உயரத்தில் இருந்தது. இடது கை மார்பளவில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும் அவசரமாகச் சொன்னாள்: "இதுக்கு மேல போகா டீச்சர். சத்தியமாப் போகா. நான் நடிக்கல்ல."

அவள் பெயர் மகேஸ்வரி. நாற்பதைத் தாண்டியவள். இரண்டு தோளையும் பிடித்து நான் கைகளை இறக்கிவிடவேண்டியிருந்தது.

அன்று மாலையே பொன்னம்மாக்கா வீட்டு முற்றத்துக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இடது தோளைத் திறந்து காட்டினாள். பின்பக்கம் சதை பிய்ந்து ஆறிய தழும்பு, பெரிய தேங்காய்ச் சில்லு அளவு. எந்தப் பக்கத்துப் பீரங்கி செல் என்று கேட்டுவிட்டேன். "மேலால வரக்க அதில பேரா எழுதிக் கிடக்கு?" என்றாள். அதே செல்தான் அவள் புருஷனையும் கொண்டுபோயிருந்தது.

"டீச்சர், நீங்க வகுப்பில மன அமைதி எண்டு சொன்னீங்க. எனக்கு அதெல்லாம் வேணாம். இந்தக் கைய மட்டும் மேல உசத்தித் தாங்க."

விஷயம் இதுதான். அவளுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து மட்டக்களப்பு டவுனில் இருக்கிறாள். முதல் பிள்ளை வயிற்றில், நாள் நெருங்கிவிட்டது. மாமியார் கிடையாது. மருமகன் கட்டடவேலைக்குப் போகிறவன். பிரசவத்துக்குத் தாய் போகவேண்டும். ஆனால் போன முறை துறையில் சோதனைக்குக் கையைத் தூக்கச் சொன்னபோது இடது கை எழவில்லை. எதையோ மறைக்கிறாள் என்று சிப்பாய் கத்தினான். கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். தழும்பைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. போரில் பட்ட காயம் என்றால் போராளிதானே என்பது அவர்கள் கணக்கு. நாள் முழுக்க வெயிலில் நிறுத்திவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்ததாம். ஒருவனும் வாங்கிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாவியைத் தாண்டவில்லை.

நான் தோளைத் தொட்டுப் பார்த்தேன். இறுகிப்போயிருந்தது. இந்த மாதிரித் தோளை எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் பொறுமையாக வேலை செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் மோசமாகும். அதை அப்படியே சொன்னேன்.

"மாதக்கணக்கா?" என்றாள். "பிள்ளை வயித்துக்க காத்துக்கிட்டா இரிக்கும்?"

ரமணனிடம் ஓடினேன். நிறுவனத்து வேனில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடலாமே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க நடுநிலையான அமைப்பு, மேடம். தனி ஆக்கள்ட பிரச்சினையில தலையிட்டா எங்களுக்கு இங்க வேலை செய்ற அனுமதியே போயிரும்." அந்த மனிதரை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. கொடி கட்டிய வேன் மரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் கையைத் தூக்கு என்ற வார்த்தையையே விட்டுவிட்டேன். எல்லாம் தரையில்தான். வழவழப்புத் தாளில் இருந்த வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பெண்களோடு உரசிப் பார்த்தேன்.

முதலில் ஓய்வு யோகா. முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை, மடித்த சேலை என்று முட்டுக்கொடுத்து, உடம்பு ஒரு வேலையும் செய்யாமல் கிடப்பது. தசைகள் காவல் காப்பதை விட்டுவிடும், நெஞ்சுப் படபடப்பு இறங்கும், தூக்கம் வரும். எங்கள் ஊர் மாமிகள் குறட்டையே விடுவார்கள். இங்கே தலையணைக்குப் பதில் தவிட்டு மூட்டை வைத்தோம். மல்லாந்து படுக்கச் சொன்னால் ஒருத்தியும் படுக்கவில்லை. வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார்கள். சரி, அப்படியே படுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு தோள்கள் தளர்ந்தன.

அடுத்தது யின் என்கிற வகை. ஒரே நிலையில் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருந்து மூட்டுகளின் ஆழம்வரை இளக்குவது. இடுப்பு இறுகியவர்களுக்கு நல்லது. இவர்களுக்கு இடுப்பு இறுகுமா? வட்டையில், அதாவது வயல்வெளியில், பொழுதெல்லாம் குந்தியிருந்து புல் பிடுங்குகிறவர்கள். "டீச்சர், இது எங்களுக்குச் சும்மா இருக்கிற இருப்பு" என்று பொன்னம்மாக்கா குந்தியபடியே வெற்றிலை இடித்தார். அவர்களுக்கு இறுகிக் கிடந்தது தாடையும் கழுத்தும். ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறவர்கள். அதனால் யின் பொறுமையைக் கழுத்துக்கும் தாடைக்கும் கொடுத்தேன். ஒரு பெண் வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டதைப் பார்த்தபோது எனக்குச் சம்பளம் வந்தது போல இருந்தது.

வயதானவர்களுக்கு நாற்காலி யோகா. கல்யாண வீட்டிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தபடியே முதுகைத் திருப்புவது, காலை நீட்டி மடக்குவது. விழுந்துவிடுவோம் என்ற பயமில்லாமல் மூட்டு அசையும். யோக நித்திரை என்று இன்னொன்று, படுத்தபடி உடம்பின் ஒவ்வொரு பாகமாக மனதால் தொட்டுக்கொண்டு போவது. கண்ணை மூடச் சொன்னதும் எல்லோரும் மூடினார்கள், ஒரு கண்ணை மட்டும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே செய்யலாம் என்று அந்த நிமிஷமே விதியை மாற்றினேன். யார் என்னைக் கேட்பது?

எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பிடித்தது மூச்சுதான். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும், அவ்வளவே. நீட்டி விட விட இதயம் தானாக நிதானத்துக்கு வரும். "இது நல்லம். ஆருக்கும் தெரியாமச் செய்யலாம்" என்றாள் மகேஸ்வரி.

ஒருநாள் இயக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து வாசலில் உட்கார்ந்தாள். இறுக்கிக் கட்டிய பின்னல், மடியில் துப்பாக்கி. ப்ளஸ் டூ படிக்கிற வயது. "இதால சனத்துக்கு என்ன பிரயோசனம்?" என்று என்னைக் கேட்டாள். துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்துப் பார், தெரியும் என்றேன். பொன்னம்மாக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பிள்ளை எழுந்திருக்கவில்லை. அன்று ஒருத்தியும் ஒரு கண்ணைக்கூட மூடவில்லை. அந்தக் கரைக்காரனுக்கும் இந்தக் கரைக்காரிக்கும் நடுவில் என் பெண்களின் முதுகெலும்பு மாட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

மனம் ஆறவேண்டும் என்று பொன்னம்மாக்கா மண்டூர் முருகனிடம் கூட்டிப்போனார். அங்கே பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் செய்கிறார். மந்திரம் இல்லை, மைக் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிற கூச்சலை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சாமியிடம் சண்டைதான் போட்டேன். உன் கைக்கு வேல் கொடுத்தவளும் பொம்பளைதானே, இந்தப் பொம்பளைக் கைக்கு நீ ஒரு வழி சொல்லக்கூடாதா என்றேன்.

காலையும் மாலையும் மகேஸ்வரியின் தோளோடு உட்கார்ந்தேன். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். பிறகு அவளைப் படுக்கவைத்து, கைக்குக் கீழே மூட்டை வைத்து, அதன் கனம் முழுவதையும் என் கையில் வாங்கிக்கொண்டு மெல்ல ஆட்டுவேன். பிறகு சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஊர்ந்து ஏறவிடுவாள். ஏறும்போதெல்லாம் ஒரு திருட்டுத்தனம் செய்வாள். இடுப்பை வளைப்பாள், தோளைக் காதுவரை தூக்குவாள், உடம்பை வலப்பக்கம் சாய்ப்பாள். கை உயர்ந்தது போலத் தெரியும். உண்மையில் மூட்டு அசைந்திருக்காது, நசுங்கியிருக்கும். "ஏமாத்தாதீங்க! இடுப்பை நேரா வைங்க!" என்று கத்தியே என் தொண்டை கட்டிப்போனது. இந்தத் தொழிலில் நான் மன்னிக்காத ஒரே குற்றம் அது.

இரண்டு விரல்கடை கூடுதலாக ஏறியது. தோள் மட்டத்தைத் தொட்டுவிட்டது. மதுரையாக இருந்தால் இனிப்புக் கொடுத்திருப்பேன்.

நான் ஊருக்குக் கிளம்பவேண்டிய காலையில் 'பாதை' மிதவையில் வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். மகளுக்கு விடியற்காலையில் வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் என்றால், என் தொழிலின் முகத்தில் காறித் துப்பினேன்.

"மகேஸ்வரி, இங்க வாங்க. இப்ப ஏமாத்துங்க பாப்போம்" என்றேன்.

எது எதைச் செய்யாதே என்று காலமெல்லாம் கத்தினேனோ அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். இடுப்பைப் பின்னால் வளை. வலப்பக்கம் சாய், ஆனால் தெரியாமல் சாய். தோளைக் காதோடு ஒட்டு. முழங்கையை மடக்கி விரலை மேலே காட்டு. தலையைக் கொஞ்சம் குனி, கை உயரமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, நல்ல கையை முழுசாகத் தூக்காதே. கெட்ட கை எவ்வளவு போகிறதோ அந்த அளவிலேயே அதையும் நிறுத்து. இரண்டும் சமமாக இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராது.

பொன்னம்மாக்கா ஒரு தென்னம்மட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். "அத் உஸ்ஸன்ன!" என்று சிங்களத்தில் அதட்டினார். கையை உயர்த்து என்று அர்த்தம். அந்த வார்த்தை மட்டும் ஊரில் எல்லோருக்கும் சுத்தமாக வருகிறது. மகேஸ்வரி உயர்த்தினாள். "காணாது, இன்னும்!" என்றார் அக்கா. மறுபடி உயர்த்தினாள். "ஆ, இப்ப நீ ஒரு நல்ல பொம்புளை. போ!" என்று மட்டையால் அவள் இடுப்பில் செல்லமாகத் தட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பாலா வலியாலா என்று நான் கேட்கவில்லை.

ரமணன் வேனில் போகலாம் என்று எனக்கு மட்டும் கதவைத் திறந்தார். அந்தக் கதவை நான் அறைந்து சாத்திய சத்தம் அவர் காதில் இன்னும் இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு பாதையில் ஏறினேன்.

துறையில் நல்ல வெயில். பெண்கள் தனி வரிசை. அவளுக்குப் பின்னால் நான். சோதனை செய்தவன் சின்னப் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை, கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். அந்த வார்த்தையை அவன் சொன்னான். வரிசையில் அத்தனை கைகளும் எழுந்தன. மகேஸ்வரியின் கைகளும் எழுந்தன, இரண்டும் காதளவில், சமமாக. என் கையையும் தூக்கினேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தவன் சிரித்து, "இந்தியா? ஹரி, ஹரி" என்று, சரி சரி என்ற அர்த்தத்தில், என்னை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டான். வாழ்நாள் முழுக்கக் கைதூக்கிப் பழகியவள் நான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னால் நிற்க முடியும். என்னை ஒருவனும் நிற்கச் சொல்லவில்லை.

அவளை நிற்கச் சொன்னான். உடம்பைத் தடவிப் பார்க்கவேண்டிய பெண் சிப்பாய் கொட்டகைக்குள் வேறு ஒருத்தியோடு இருந்தாள். அவள் வரும்வரை கையை இறக்கக்கூடாது. இது எங்கள் ஒத்திகையில் இல்லை. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை விரல் நுனிகள் முதலில் நடுங்கின, பிறகு முழங்கை. இறங்கிவிடும், இதோ இறங்கிவிடும் என்று நினைத்தேன். அப்போது அவள் வயிறு மெல்ல உள்ளே போவதைப் பார்த்தேன். மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். நீட்டி, நீட்டி. இழுத்தது கொஞ்சம், விட்டது நிறைய. நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் கை இறங்கவில்லை. பெண் சிப்பாய் வந்தாள், தடவினாள், பையைக் கொட்டிப் பார்த்தாள். குழந்தைக்குத் தைத்த துணிகள் மணலில் விழுந்தன. "யன்ன" என்றாள். போ.

துணிகளை நான்தான் பொறுக்கினேன். அவளால் குனிய முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்து, நான் அழுதேன். துக்கம் இல்லை, சுத்தமான ஆத்திரம். எவன் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவன் விளங்காமல் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரி நல்ல கையால் என் வாயைப் பொத்தினாள்.

ஆஸ்பத்திரியில் நல்ல மனசுள்ள ஒரு நர்ஸ் அவளை உள்ளே விட்டார். கதவிடுக்கு வழியாகக் குரல் கேட்டது. "அம்மா! எப்பிடி வந்தீங்க?" என்றது மகளின் குரல். "அதெல்லாம் பிறகு பறைவம் மனே. நீ இப்ப மூச்ச விடு. நீட்டி விடு. இன்னும் நீட்டி" என்றது தாயின் குரல்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. மகேஸ்வரி அதை வலது கையால் மட்டும் அணைத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை உள்ளே கொடுத்துவிட்டு வந்த பிறகு தோளைப் பார்த்தேன். வீங்கிச் சுட்டது. தூக்கச் சொன்னேன். இடுப்பு அளவுக்கு வந்து நின்றுவிட்டது. நான் வந்த முதல் நாளைவிட மோசம். இரண்டு விரல்கடை போனதோடு இன்னும் எவ்வளவோ போயிருந்தது. அதைச் செய்தது நான் சொல்லிக்கொடுத்த வித்தை.

"ஒரு மாசம் இதை அசைக்கவே கூடாது" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "மகேஸ்வரி, திரும்பிப் போகும்போது என்ன பண்ணுவீங்க? அதே துறை, அதே ஆளுங்க. இந்தக் கை இனி இவ்வளவுகூட வராதே."

அவள் பெஞ்சில் சாய்ந்து காலை நீட்டினாள். அந்த ஒரு வாரத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"போறதுக்கு என்ன அவசரம் டீச்சர்? அங்க எனக்கு ஆர் பாத்துக்கிட்டிரிக்காங்க? அவனுகள் எம்மட்டு நேரம் வெயிலுக்க நிப்பாட்டினாலும் நிப்பன். திருப்பி அனுப்பினாலும் இனி மகள்ட வீட்டுக்குத்தானே."